சம்மதமில்லாதவர் கை தூக்கலாம்

படை விமானத்தில் யார் யார் ஏறுவது என்பதை நான்தான் முடிவு செய்தேன். வீட்டுக்கு மூத்தவன் நான். பெண்ணைப் பெற்றவனும் நான். என் தம்பி தெய்வசிகாமணி மத்திய அமைச்சராக இருக்கலாம். டெல்லியில் அவன் சொன்னால் கோப்புகள் நகரலாம். குடும்பக் காரியம் என்று வந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வாய் திறப்பான். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

என் மகள் மகிழினிக்குப் போர்ட் பிளேரில் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தலைமுறை தலைமுறையாக அந்தமானில் வணிகம் செய்பவர்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாள் அங்கே ஒரு புதிய படகுத்துறையைத் திறந்து வைக்கும் விழாவைத் தம்பி ஏற்பாடு செய்துகொண்டான். அமைச்சர் போனால் படை விமானம் போகும். அமைச்சரின் குடும்பமும் அதில் போகலாம். சம்பந்தி வீட்டார் கீழே காத்திருக்க, வீரர்கள் விறைத்து நின்று வணக்கம் வைக்க, எங்கள் பெண் இறங்கி வருவாள். என் மனதில் அந்தக் காட்சி முழுதாக இருந்தது.

உதவியாளர்களும் பாதுகாவலரும் போக இடங்கள் குறைவாகத்தான் இருந்தன. என் மனைவி சாந்தாமணியின் தம்பி மோகனசுந்தரத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன். பல்லடத்தில் சொந்தமாக நாலைந்து தறி ஓட்டுபவர். பெண்ணுக்குத் தாய்மாமன். முகூர்த்தத்துக்கு முன்னால் பட்டும் மாலையும் அவர் கையால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அவர் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தால் போதும், அமைச்சரோடு வந்து இறங்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

"அப்படீன்னா நானும் சாதா விமானத்துலயே வர்றனுங்க" என்றாள் சாந்தாமணி.

"பொண்ணப் பெத்தவ நீ. வரிசையில நின்னு, பையத் தொறந்து காட்டிட்டு வரப்போறியா?"

"வரிசையில நின்னா நம்ம கௌரவம் கரைஞ்சா போயிரும்? எந்தம்பிக்கு எடமில்லாத வண்டியில எனக்கு எதுக்குங்க மெத்தை? நீங்க சாஞ்சு உக்காந்து வாங்க. நாங்க முன்னால போயி உங்களுக்கு ஆரத்தி கரைச்சு வெக்கறோம்."

மோகனசுந்தரம் சிரித்தார். "விடுக்கா. மச்சான் படையெடுத்து வரட்டும். நம்ம டிக்கெட் எடுத்துப் போவோம்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுபேச்சுப் பேசவில்லை. அவர்கள் இருவரும் சென்னையிலிருந்து காலைப் பயணிகள் விமானத்தில் கிளம்பினார்கள். சற்றுப் பின்னால் நாங்கள் கிளம்பினோம்.

படை விமானத்தின் உள்ளே வீட்டுக் கூடம்போல இருந்தது. தோல் சோபாக்கள், மரப்பலகை அடித்த சுவர்கள், பின்பக்கம் கண்ணாடி வைத்த குளியலறை. வானில் ஏறி நிலைப்பட்டதும் விமானி வந்து வணக்கம் சொன்னார். விங் கமாண்டர் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரர். மகிழினிக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

"மேடம், நம்ம விமானத்துல அடைக்கலக் குறி இருக்கா?" என்று கேட்டாள்.

"அதென்ன கண்ணு அது?" என்றாள் தம்பி மனைவி சுலோச்சனா.

ஜெசிந்தாவே பதில் சொன்னார். "பயணிகள் விமானத்துல வாலுக்குள்ள சீல் வெச்ச ஒரு பெட்டி இருக்கும்மா. 'இதுல சாதாரண சனங்க இருக்காங்க, சுடாத'ன்னு அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போகும். எந்த நாட்டுக் காவல் எந்திரமா இருந்தாலும் அதக் கேட்டா விட்டுரணும். எந்திரங்க தப்பாச் சுட்டு எவ்வளவோ பேரு செத்ததுக்கப்புறம் எல்லா நாடும் கூடிப் போட்ட ஒப்பந்தம்லா."

"நமக்கு இருக்கா, இல்லையா?"

"நமக்குக் கெடையாது. இது படை விமானம். சோபாவுல யாரு உக்காந்திருக்கான்னு எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? நாமளும் அந்தக் குறியப் போட்டுக்கிட்டா, அது பொய்யாப் போயிரும். அப்புறம் உண்மையான பயணிகள் விமானத்தயும் எவனும் நம்ப மாட்டான்."

தம்பி செய்தித்தாளை மடித்தான். "நம்மள யாரும்மா சுடப் போறாங்க? எதிர்க்கட்சிக்காரன் வேற கேக்கறான், அமைச்சருக்கு எதுக்குப் படை விமானம்னு. பொறுப்புல இருக்கறவன் நேரத்துக்குப் போக வேண்டாமா? பாதுகாப்பு வேண்டாமா? நீங்க சொல்லுங்கண்ணா."

"வேணும்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

ஜெசிந்தா விமானியறைக்குத் திரும்பினார்.

கரை மறைந்து வெகுநேரம் ஆகியிருக்கும். காப்பி வந்தது. சுலோச்சனா நகைப்பெட்டியைத் திறந்து மகிழினியின் காதில் ஜிமிக்கியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானியறைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. சமையலறையில் மின்சார அடுப்பு கூப்பிடுவதுபோல, விட்டு விட்டு, சின்னதாக. யாரும் கவனிக்கவில்லை. பாதுகாவலர் மட்டும் எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

ஜெசிந்தா கதவைத் திறந்து தலையை நீட்டினார். துணை விமானி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பெல்ட் போட்டுக்கிடுங்க. சார், கொஞ்சம் வரணும்."

தம்பி என்னைப் பார்த்தான். இருவரும் போனோம். எங்கள் பின்னாலேயே மகிழினியும் வந்து நின்றாள். நான் தடுக்கவில்லை.

விஷயத்தை ஜெசிந்தா சுருக்கமாகச் சொன்னார். அந்தக் கடலில் அயல்நாட்டுக் காவல் எந்திரங்கள் பல வருடங்களாக மிதந்துகொண்டிருந்தன. ஆளில்லாதவை. தாமே பார்த்து, தாமே முடிவெடுத்து, தாமே சுடுபவை. காலையில் எங்கோ இரண்டு கப்பல்களுக்குள் தகராறு நடந்திருக்கிறது. அதைத் தொடர்ந்து எந்திரங்கள் விழித்துக்கொண்டுவிட்டன. கண்ணில் படும் படை விமானம் எல்லாம் இப்போது அவற்றுக்கு எதிரி.

"பேசுங்க அவங்ககிட்ட. அமைச்சர் இருக்கார்னு சொல்லுங்க" என்றான் தம்பி.

"சொல்லதுக்கு அங்க ஆளு இல்ல சார். ஒரு மனுசன் இருந்தா நானே கால்ல விழுந்திருப்பேன்."

"திரும்பிப் போயிரலாமே."

"பின்னாலயும் இருக்கு. நாம நடுவுல மாட்டிக்கிட்டோம்."

"படை விமானம்தானே இது?" என்று நான் கேட்டேன். "ஏவுகணையத் திசைதிருப்பற குண்டெல்லாம் இருக்குமே?"

"இருந்துச்சு அய்யா. அந்த எடத்துலதான் இப்பக் குளியலறை இருக்கு."

அவர் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அதனால்தான் அது அப்படி உறைத்தது.

"இந்தச் சத்தம்?" என்றாள் மகிழினி.

"இது ஒண்ணாவது. நம்மளப் பாத்திருச்சுன்னு அர்த்தம். விடாம ஒரே இழுப்பாக் கேட்டா, அது ரெண்டாவது. குறி வெச்சிருச்சு."

"மூணாவது?"

"மூணாவது எப்படி இருக்கும்னு திரும்பி வந்து சொன்னவங்க யாரும் இல்லம்மா."

மகிழினி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் சந்தைக் கூட்டத்தில் அப்படிப் பிடித்துக்கொள்வாள்.

"ஒரு வழி இருக்கு" என்றார் ஜெசிந்தா. "நமக்கு முன்னால ஒரு பயணிகள் விமானம் போகுது. அதுக்குக் கீழ ஒட்டிப் பறந்தா எந்திரம் தயங்கும். குறி இருக்கிற விமானத்துல பட்டுரக் கூடாதுல்லா. நிழல்ல நிக்கிறதுன்னு நாங்க சொல்லுவோம்."

"அப்பச் செய்யுங்க! எதுக்குப் பேசிட்டு நிக்கறீங்க?"

"எந்திரம் எதுவரைக்கும் பொறுக்கும்னு தெரியாது சார். ரெண்டும் ஒண்ணுதான்னு முடிவு பண்ணிட்டா, அந்த விமானமும் போயிரும்."

"அது எந்த விமானம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

"சென்னையில இருந்து காலையில கிளம்புனது."

"அம்மா" என்றாள் மகிழினி.

நிழல் பெறுவதற்கு இரண்டு முறைகள் உண்டு என்றார் ஜெசிந்தா. ஒன்று வேண்டுகோள். அந்த விமானத்தின் கேப்டனிடம் கேட்க வேண்டும். அவர் பயணிகளிடம் கேட்க வேண்டும். ஒரே ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் கிடையாது. மற்றது ஆணை. படை விமானத்தில் அமைச்சர் இருந்தால், அவர் தம் பெயரையும் பதவியையும் சொல்லி ஆணையிடலாம். அவர் குரலைக் கேட்டதும் பயணிகள் விமானம் தானாகவே வேகத்தைக் குறைத்து இடம் கொடுத்துவிடும். அங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேப்டனாலும் தடுக்க முடியாது.

"மொதல்ல கேட்டுப் பாக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு அவர் இருக்கைக்குப் போனார்.

காத்திருந்தோம். அந்தச் சின்னச் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. சுலோச்சனா கந்தர் சஷ்டி கவசத்தைப் பாதியில் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பாதுகாவலர் இடுப்புத் துப்பாக்கியின் மேல் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே வெயில் நன்றாக அடித்தது. கீழே கடல் அமைதியாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

பதில் வந்தது. ஜெசிந்தா திரும்பாமலே சொன்னார்: "இல்லன்னுட்டாங்க. ஒரு பயணி கை தூக்கிட்டாங்களாம்."

"நாசமாப் போக அந்தக் கை!" என்று கத்தினாள் சுலோச்சனா. "கல்யாணப் பொண்ணு இருக்கற விமானம்னு தெரிஞ்சும் தூக்கிருக்குதே, அது வெளங்குமா? அதுக்கு நல்ல சாவு வருமா?"

நானும் மனதுக்குள் அந்த முகம் தெரியாத ஆளைச் சபித்தேன்.

அப்போது சத்தம் மாறியது. விட்டு விட்டு வந்தது ஒன்றாகச் சேர்ந்து, நிற்காத ஒரே இழுப்பாக நீண்டது. பல்லுக்குள் கேட்பதுபோல இருந்தது.

தம்பி ஒலிவாங்கியைப் பிடுங்கினான். "நான்... மத்திய அமைச்சர்... நான்..." என்று தொடங்கினான். குரல் உடைந்துவிட்டது. பெயரைச் சொல்ல வரவில்லை. "அண்ணா, எனக்குச் சாக வேண்டாங்கண்ணா" என்று அழுதான். பிறகு மறுபடி ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுபோனான். "தெய்வ..." என்றான்.

நான் அவன் வாயைப் பொத்தினேன்.

அந்த விமானத்தில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களை நினைத்துச் செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். சாந்தாமணியை நினைத்து என்றாலும் ஒத்துக்கொள்வார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் அவன் குரல்தான். வெளியார் ஒருவர் முன்னால் எங்கள் வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் அப்படி அழுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. கை தானாகப் போய்விட்டது. போன பிறகு எடுக்கவில்லை. அவன் என் உள்ளங்கையைக் கடித்தான். அப்போதும் எடுக்கவில்லை. பாதுகாவலர் ஓரடி முன்னால் வந்தார்; என் கண்ணைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஆணை வருதா சார்?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"வராது" என்றேன்.

"சரி அய்யா. கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க."

விமானம் தலைகுப்புறப் போவதுபோல இறங்கியது. காப்பிக் கோப்பைகள் கூரையில் மோதின. நகைப்பெட்டி பறந்துபோய்ச் சுவரில் அடித்துத் திறந்துகொண்டது. கடல் சன்னல் முழுவதையும் நிறைத்தது. அலைகளின் நுரையைத் தனித்தனியாகப் பார்த்தேன். அத்தனை தாழ்வாகப் பறந்தோம். தாழ்ந்து போனால் எந்திரத்தின் கண்ணுக்குத் தப்பலாம் என்பது அவர் கணக்கு. சத்தம் நிற்கவில்லை. நான் தம்பியின் வாயைப் பொத்தியபடி தரையில் கிடந்தேன். மகிழினி கதவோரம் ஒரு கம்பியைப் பற்றிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அந்த இழுப்பு எப்போது வேறு சத்தமாக மாறும் என்று ஒவ்வொரு மூச்சிலும் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் வேறெதற்கும் அப்படிக் காத்திருந்ததில்லை.

பச்சையாக ஒரு தீவு தெரிந்தது. சத்தம் நின்றது.

ஏன் நின்றது என்று கேட்டேன். "தெரியாது அய்யா" என்றார் ஜெசிந்தா. அவர் முதுகு முழுக்க நனைந்திருந்தது. இன்றுவரை யாருக்கும் தெரியாது. தாழப் பறந்ததால் இருக்கலாம். எந்திரத்தின் எல்லை முடிந்திருக்கலாம். வேண்டாம் என்று அது விட்டிருக்கலாம். அந்தக் கடைசிக் காரணத்தை நினைக்காமல் இருக்கத்தான் நான் இப்போதும் பார்க்கிறேன்.

தம்பி குளியலறையில் முகம் கழுவிக்கொண்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு இறங்கினான். வீரர்கள் வணக்கம் வைத்தார்கள். பயணிகள் விமானத்தின் நிழலை நாடும் ஆணையைத் தான் தர மறுத்துவிட்டதாக நிருபர்களிடம் சொன்னான். பொதுமக்களின் உயிரே பெரிது என்றான். நான் பக்கத்தில் நின்றேன். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன். குடும்பத்துக்கு அது நல்ல பெயர். அதைக் கெடுக்க எனக்கு என்ன அவசியம்?

பயணிகள் விமானம் எங்களுக்கு முன்பே இறங்கியிருந்தது. கல்யாண மண்டபத்தில், எங்களுக்கு ஒதுக்கிய அறையில் சாந்தாமணி தனியாக உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. நான் கதவைச் சாத்தினேன்.

"அவ நல்லா இருக்காளா?" என்றாள்.

"நல்லா இருக்கா. நீ ஏன் வாசலுக்கு வரல?"

"கை தூக்குனது நானுங்க."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"பக்கத்துச் சீட்டுல ஒரு புள்ளத்தாச்சி. ஏழு மாசம். எம்பொண்ணு பின்னால படை விமானத்துல வர்றா, நாளைக்குக் கல்யாணம்னு காலையில இருந்து அவகிட்டப் பெருமை பேசிட்டே வந்தேன். பின்னால வர்ற அமைச்சர் விமானத்துக்கு எடம் குடுத்தா நமக்கும் ஆபத்து வரலாம்னு சொல்லி கேப்டன் மைக்குல கேட்டாரு. சம்மதமில்லாதவங்க கை தூக்கலாம்னாரு. ஒருத்தரும் தூக்கல. அவ வயித்தப் புடிச்சுட்டு எம்மூஞ்சியவே பாக்கறா. பயத்துல ஒதடு வெளுத்துப் போச்சு. ஆனாத் தூக்க மாட்டேங்கறா. எனக்காகத்தான் தூக்க மாட்டேங்கறா. அப்ப நாந்தானுங்களே தூக்கோணும்?"

அவள் என் கையிலிருந்த பல்தடத்தைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை.

வெளியே கூடத்தில் சத்தமாக இருந்தது. சுலோச்சனா சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் வெளியே வந்தபோது உச்சத்துக்குப் போயிருந்தாள். "மனுசப் பொறப்பா அது? கை தூக்குச்சாம் கை! யாருன்னு தெரிஞ்சா நாலு பேரு முன்னால நாக்கப் புடுங்கற மாதிரிக் கேப்பேன்!"

சாந்தாமணி தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாய் திறப்பதற்குள் மோகனசுந்தரம் முன்னால் வந்தார். கையில் பட்டும் மாலையும் இருந்த தட்டு. கல்யாணத்துக்கு முந்தைய நாள் செய்யும் சீருக்காகக் கொண்டுவந்திருந்தார்.

"நாந்தானுங்க தூக்குனேன்" என்றார்.

சுலோச்சனா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீயா?" என்றாள் சுலோச்சனா. "எடம் குடுக்கலீன்னு பழி தீத்துட்டியா? தாய்மாமனா நீ?"

"உசுருக்குப் பயந்துட்டனுங்க. என்ன பண்றது." அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

அது எனக்கு வசதியாக இருந்தது. பெண்ணைப் பெற்றவள் பெயர் தப்பித்தது. பழி அடுத்த வீட்டுக்குப் போனது. சம்பந்திகள் முன்னால் வேறு எதுவும் பேச வேண்டியதில்லை. நான் பேசாமல் நின்றேன். சாந்தாமணி என்னைப் பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு நேராகக் கூடத்தின் நடுவுக்குப் போனாள்.

"அவன் பொய் சொல்றான் கண்ணு" என்றாள் மகிழினியிடம். "அம்மாதான் தூக்குனேன்."

மகிழினி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுலோச்சனாவின் கை வாய்க்குப் போய் அங்கேயே நின்றது. என் மகள் திரும்பி மண்டபத்தை விட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். காலையில் அந்த இழுப்பைக் கேட்டுக்கொண்டு கிடந்ததைவிட அப்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

அவள் மேசைக்குப் போனாள். தட்டை எடுத்து மாமன் கையில் கொடுத்து, அவர் முன்னால் தலையைக் குனிந்தாள். அவர் மாலையை எடுத்துப் போட்டார். மாலை காதுத் தோட்டில் சிக்கி, பிறகு கழுத்தில் இறங்கியது.

"அந்த அக்கா நல்லாருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். "அந்தப் புள்ளத்தாச்சி அக்கா?" மோகனசுந்தரம் அவளிடம் முன்பே ஏதோ சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவளே அறைக்கு வெளியே நின்று கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

"நல்லாருக்கா சாமி" என்றாள் சாந்தாமணி. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மகிழினி என் பக்கம் வந்தாள். துண்டை விலக்கி என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"சித்தப்பா வாய நீங்க பொத்துனத நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். நீங்க பண்ணது தப்புன்னு சொல்லலப்பா."

"அப்புறம் என்ன கண்ணு?"

"அம்மா வந்த விமானத்துல எல்லாரையும் கேட்டாங்க. நம்ம விமானத்துல சித்தப்பா ஒருத்தர் வாய்தான் எல்லாருக்கும். அதையும் நீங்க பொத்திட்டீங்க. நான் பக்கத்துலதான நின்னேன். என்னை யாரும் கேக்கல."

"கேட்டிருந்தா?"

"அம்மா மாதிரி கை தூக்கியிருப்பேனோ என்னமோ. தூக்காமயும் இருந்திருப்பேன். ரொம்பப் பயமா இருந்துச்சுப்பா." அவள் என் கையை விடவில்லை. "ஆனா, கேட்டிருக்கலாம்."